‘அவரவர் பார்வை அவரவருக்கு’ என்பது எவ்வளவு தூரம் சரி?

வாக்குவாதம் முற்றிப்போன கட்டத்தில் யாராவது ஒருவர் சமாதானமாகச் சொல்வார்: “விடுங்க, அவரவர் பார்வை அவரவருக்கு.” அதே ஆள் மறுநாள் இன்னொரு சண்டையில், “நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன், நீ என்ன சொல்றது?” என்று எகிறுவார். முதல் பேச்சின்படி சரியான பார்வை என்று ஒன்று கிடையாது. இரண்டாவதின்படி கண் தவறே செய்யாது. இரண்டையும் ஒரே வாரத்தில் நம்புவதில் நமக்கு ஒரு சங்கடமும் இருப்பதில்லை.

மூளையைப் பற்றிய வீடியோக்கள் பெருகிய பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. “நீங்கள் பார்ப்பது எதுவும் உண்மையல்ல, எல்லாம் மூளை கட்டிக் காட்டும் மாயை” என்று பின்னணி இசையோடு சொல்கிறார்கள். கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று: ஒரு பொருள் எனக்கு எப்படித் தெரிகிறது என்பது என் கண், என் மூளை, நான் நிற்கும் இடம், என் பழக்கம் எல்லாவற்றையும் பொறுத்தது. இது உண்மை. மற்றொன்று: ஆகவே பார்வையில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. இது முதலாவதிலிருந்து பிறப்பதில்லை. ஏன் என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு உடை, இரண்டு நிறம்

2015 பிப்ரவரி. ஸ்காட்லாந்தில் ஒரு திருமணத்துக்காக வாங்கிய உடையின் படம் இணையத்தில் ஏறியது. சிலருக்கு அது நீலமும் கறுப்பும். வேறு சிலருக்கு வெள்ளையும் தங்க நிறமும். ஒரே போனை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துவிட்டு, “விளையாடுறியா?” என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். யாரும் விளையாடவில்லை. இருவருக்கும் உண்மையிலேயே வேறு வேறு நிறம்தான் தெரிந்தது.

இது எப்படி நடக்கிறது? ஒரு பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியில் இரண்டு சமாச்சாரங்கள் கலந்திருக்கின்றன. அதன்மேல் விழும் வெளிச்சம் எப்படிப்பட்டது என்பது ஒன்று. அந்த வெளிச்சத்தில் எதை எவ்வளவு அந்தப் பொருள் திருப்பி அனுப்புகிறது என்பது இன்னொன்று. கண்ணுக்குக் கிடைப்பது இவை இரண்டின் பெருக்கற்பலன் மட்டும். “இரண்டு எண்களைப் பெருக்கினால் 24 வருகிறது, அந்த எண்கள் எவை?” என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் எப்படி இருக்கும்? 6, 4 ஆக இருக்கலாம். 8, 3 ஆக இருக்கலாம். 12, 2 ஆகவும் இருக்கலாம். ஒரு எண்ணை யாராவது சொல்லிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும். சொல்லாவிட்டால் ஊகிக்கத்தான் வேண்டும்.

மூளை ஒவ்வொரு கணமும் இந்த ஊகத்தைச் செய்கிறது. சுற்றுப்புறத்தை வைத்து வெளிச்சம் இன்ன மாதிரி என்று முடிவு செய்கிறது, அதன் பங்கை நீக்குகிறது, மிச்சத்தைப் பொருளின் நிறமாக நமக்குக் காட்டுகிறது. அதனால்தான் மஞ்சள் குண்டு பல்பின் கீழும் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. வெளிச்சம் மாறினாலும் பொருளின் நிறம் ஏறக்குறைய மாறாமல் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு நிற மாறாமை என்று பெயர்.

சாதாரணமாக, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம்மைச் சுற்றி ஏராளமான தடயங்கள் இருக்கும். அந்தப் படத்தில் அவை இல்லை. பின்புறம் பளீரென்று வெளுத்துப் போயிருந்தது, முன்புறம் மங்கல். உடை நிழலில் இருக்கிறது, அதன்மேல் விழுவது நீலம் கலந்த பகல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்ட மூளை நீலத்தை நீக்கியது. மிஞ்சியது வெள்ளையும் தங்கமும். மஞ்சளான செயற்கை வெளிச்சம் என்று எடுத்துக்கொண்ட மூளை மஞ்சளை நீக்கியது. மிஞ்சியது நீலமும் கறுப்பும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் 13,000க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் சேகரித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், உடை நிழலில் இருக்கிறது என்று கருதியவர்கள் அதிகமாக வெள்ளை, தங்கம் என்றே சொல்லியிருந்தார்கள். அதிகாலையில் எழுகிறவர்களும் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் கழிப்பவர்களின் மூளை, சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சம் என்றே வைத்துக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம்.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிட்டு “பார்த்தீர்களா, நிறம் என்பதே அவரவர் மனதில்” என்று முடிப்பதுதான் வழக்கம். அடுத்த வரியைப் பலர் சொல்வதில்லை. அந்த உடை நீலமும் கறுப்பும்தான். கடையில் அப்படித்தான் விற்றார்கள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளை என்று பார்த்தவர்களின் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் மூளை செய்தது நியாயமான ஊகம். ஆனாலும் உடையைப் பொறுத்தவரை அது தவறான ஊகம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. படத்தில் அந்த இடத்தில் இருக்கும் புள்ளிகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் வெளிர் நீலமும் பழுப்பும்தான் இருக்கும். “உடை என்ன நிறம்?” என்பது ஒரு கேள்வி, “திரையில் ஒளிரும் புள்ளி என்ன நிறம்?” என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை உண்டு, இரண்டும் வேறு வேறு விடை. பார்வை பற்றிய சண்டைகளில் பாதி, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமலேயே தொடங்குபவை என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கண்ணுக்கு வரும் தகவல் முழுமையானது அல்ல. குறையும் பங்கை மூளை ஊகத்தால் நிரப்புகிறது. ஊகம் ஆளுக்கு ஆள் மாறலாம். மாறுகிறது என்பதாலேயே எல்லா ஊகமும் சமம் ஆகிவிடாது.

கண் அனுப்புவது கொஞ்சம்தான்

கண்ணைக் கேமராவோடு ஒப்பிட்டே பள்ளியில் படித்திருக்கிறோம். லென்ஸ் வரைக்கும் அது சரி. அதற்குப் பின்னால் கதை வேறு.

கண்ணின் உட்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதில்தான் உள்ளன. மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் சுமார் 12 கோடி, நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் இருப்பதோ ஏறக்குறைய 10 லட்சம் இழைகள். அதாவது மூளைக்குக் கிளம்பும்போதே தகவல் நன்றாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. கூம்பு செல்கள் விழித்திரை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. நடுவில் ஒரு சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் பார்வையில் துல்லியமாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் கலங்கல். கண் ஒரு விநாடிக்கு மூன்று முறை போல இங்கும் அங்கும் தாவி அந்தத் துல்லியமான துண்டுகளைச் சேகரிப்பதால் எல்லாமே தெளிவாகத் தெரிவதாக நினைக்கிறோம்.

நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்லே கிடையாது. அதற்குக் குருட்டுப் புள்ளி என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த எட்மே மரியாட் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். நீங்களே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டு. இடக்கண்ணை மூடுங்கள். வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல் போகும்.

கவனிக்க வேண்டியது பொட்டு மறைவதை அல்ல. மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து, “இங்கேயும் தாள்தான் இருக்கும்” என்று வைத்துக்கொள்கிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே, பார்ப்பது என்பதே நாம் அறியாமல் நடக்கும் ஒருவகை ஊகம் என்று எழுதிவிட்டார். இன்றைக்குப் புதிது போலப் பேசப்படும் பலவற்றுக்கு வேர் அவரிடம் இருக்கிறது.

“எல்லாம் மாயை” என்பவர்கள் இங்கேதான் தாவுகிறார்கள். மூளை நிரப்புகிறது, ஆகவே மூளை கற்பனை செய்கிறது என்கிறார்கள். ஆனால் இந்த ஊகம் கடிவாளம் இல்லாதது அல்ல. கண்ணிலிருந்து வரும் சமிக்ஞை அதை ஓயாமல் இழுத்துப் பிடிக்கிறது. மறைந்த பொட்டைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பொட்டு திரும்ப வந்துவிடும், மூளை தன் ஊகத்தை உடனே கைவிட்டுவிடும். சாலையைக் கடக்கும்போது பஸ் இருக்கும் இடத்தைப் பற்றி நம் மூளை செய்யும் ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் வீடு வந்து சேர்கிறோம்.

நீலகிரியில் ஒரு கோடு

1889இல் ஃப்ரான்ஸ் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட ஒரு படம் இன்றுவரை எல்லா உளவியல் புத்தகங்களிலும் இருக்கிறது. ஒரு கோடு வரைந்து இரண்டு முனையிலும் வெளிப்பக்கம் பார்க்கும் அம்புத்தலை போடுங்கள். அதற்குக் கீழே அதே நீளத்தில் இன்னொரு கோடு வரைந்து, முனைகளில் அம்புத்தலையைத் திருப்பி, கவட்டை போல வெளியே விரியும்படி போடுங்கள். இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போதும் நீளமாகத்தான் தெரியும். உண்மை தெரிந்த பிறகும் விலகாமல் நிற்கும் இப்படிப்பட்ட பிழையைக் காட்சிப்பிழை என்கிறோம்.

இந்தப் படம் எல்லோரையும் ஒரே அளவில் ஏமாற்றுகிறதா? இதைக் கேட்டவர்களில் ஒருவர் ஆங்கிலேய மருத்துவரும் மானுடவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில் சோதித்தார். அப்புறம் 1901இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் சோதித்தார். இரண்டு இடத்திலும், முல்லர்-லையர் படத்தில் ஆங்கிலேயர்களைவிட அந்த மக்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். படிப்பறிவில் தாங்கள் மேலே என்று நினைத்திருந்த காலத்து ஐரோப்பியர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

ஆனால் அதே ரிவர்ஸ் இன்னொரு படமும் வைத்திருந்தார். ஒரு கிடைக்கோடு, அதன் நடுவிலிருந்து மேலே எழும் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டும் ஒரே நீளம் என்றாலும் செங்குத்துக் கோடுதான் நீளமாகத் தெரியும். இதில் தோடர்களும் தீவு மக்களும் ஆங்கிலேயர்களைவிட அதிகம் ஏமாந்தார்கள். “யாருடைய கண் சரி?” என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடையாது. இந்தப் படத்தில், இந்த நீளத்தைப் பொறுத்தவரை என்று கேட்டால் உண்டு.

இந்த வேறுபாட்டுக்கு, மூலைகளும் நேர்கோடுகளும் நிறைந்த வீடுகளில் வளர்வதுதான் காரணம் என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். கவர்ச்சியான விளக்கம். ஆனால் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த பவன் சின்ஹா வட இந்தியாவில் நடத்தும் பிரகாஷ் திட்டம் அதற்கு ஒரு தடை போட்டது. பிறவியிலேயே கண்புரையோடு இருந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை மூலம் பார்வை கொடுக்கும் திட்டம் அது. பார்வை வந்த கையோடு அந்தப் பிள்ளைகளுக்கு முல்லர்-லையர் படத்தைக் காட்டியபோது அவர்களும் ஏமாந்தார்கள் என்று 2015இல் அந்தக் குழு வெளியிட்டது. அறையின் மூலைகளைக் கண்ணால் பார்த்துப் பழக அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது. ஆக, பிழையின் அடிப்படை பார்வை அமைப்பிலேயே இருக்கலாம், பழக்கம் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இது இன்னும் தீராத வழக்கு. தோடர், ஆங்கிலேயர், பார்வை கிடைத்த பிள்ளை என்று யார் கையில் கொடுத்தாலும் அளவுகோல் மட்டும் ஒரே விடைதான் சொல்லும்.

கண் முன்னால் இருந்தும்

ஊகத்தைத் தவிர இன்னொரு வடிகட்டி இருக்கிறது: கவனம். 1999இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோஃபர் சாப்ரிஸும் ஒரு சிறிய வீடியோ காட்டினார்கள். வெள்ளைச் சட்டை அணி பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். ஏறக்குறைய பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை.

“என் கண்ணால பார்த்தேன்” என்பதற்கு நீதிமன்றத்தில் இருக்கும் மதிப்பை நினைத்தால் இது விளையாட்டுச் செய்தி அல்ல. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என்று விடுதலையானவர்களின் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சாட்சிகள் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்காகச் சாட்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடையாள அணிவகுப்பை எப்படி நடத்துவது, யார் நடத்துவது என்ற விதிகளை மாற்றத் தொடங்கினார்கள்.

டால்டனின் பூ

அணுக் கொள்கையால் பெயர் பெற்ற ஜான் டால்டனுக்கு நிறம் பற்றி ஒரு சந்தேகம் வந்தது 1792இல். இளஞ்சிவப்பு ஜெரேனியம் பூ ஒன்று அவருக்குப் பகலில் வானநீலமாகத் தெரிந்தது. இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு. நண்பர்களைக் கேட்டார். அவர்களுக்கு அப்படி எந்தப் பெரிய மாற்றமும் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் அவருக்குத் தெரிந்த மாதிரியே தெரிந்தது.

“என் பார்வை எனக்கு” என்று டால்டன் விட்டுவிடவில்லை. 1794இல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் தன் பார்வை பற்றி ஒரு கட்டுரை படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும், அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்றும் ஏற்பாடு செய்திருந்தார். 1844இல் அவர் இறந்த மறுநாள் மருத்துவர் ஜோசப் ரான்சம் பார்த்தார். திரவம் தெளிவாக இருந்தது, நீலம் இல்லை. இன்னொரு கண்ணின் பின்பக்கத்தை வெட்டி அதன் வழியாகவே உலகத்தைப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் ஒழுங்காகத் தெரிந்தன. டால்டனின் விளக்கம் அன்றே விழுந்தது.

கண்ணின் மிச்சத்தைக் கழகத்தார் பாதுகாத்து வைத்தார்கள். 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அதிலிருந்து மரபணு எடுத்துச் சோதித்தபோது காரணம் கிடைத்தது. சாதாரணமாக நம்மிடம் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. குறுகிய, நடுத்தர, நீண்ட ஒளி அலைகளுக்கு முறையே ஒவ்வொன்றும் அதிகம் துடிக்கும். மூன்றின் விகிதத்தை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைக் கணக்கிடுகிறது. டால்டனுக்கு நடுத்தர அலைக்கான நிறமி இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு, பெண்களில் 0.5 சதவீதம் போல, சிவப்பையும் பச்சையையும் பிரிப்பதில் ஏதாவது ஒரு அளவில் குறை உண்டு. தொடர்புள்ள மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாலும் ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்று என்பதாலும்தான் இந்த ஏற்றத்தாழ்வு.

சரி, டால்டன் உலகத்தைத் தவறாகப் பார்த்தாரா? எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. நமக்கு இரண்டாகத் தெரியும் சில நிறங்கள் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தன. குறைவாகப் பார்ப்பது ஒன்று, பிழையாகப் பார்ப்பது வேறு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை மட்டும். தேனீ அதற்குக் கீழே உள்ள புற ஊதாவைப் பார்க்கிறது, நமக்கு வெறும் மஞ்சளாக இருக்கும் பல பூக்களில் அதற்குக் கோலம் தெரிகிறது. குழிவிரியன் இரையின் உடல் சூட்டை உணர்கிறது. தேனீயிடம் நிற்கவைத்தால் நாமெல்லாம் டால்டன்கள்தான்.

இங்கே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வோம். உடைப் படத்தில் வந்தது ஊகத்தின் பிழை. கொரில்லா வீடியோவில் வந்தது கவனத்தின் குறை. டால்டனுக்கு வந்தது புலனின் எல்லை. மூன்றையும் ஒரே பையில் போட்டு “பார்வை ஆளுக்கு ஆள் மாறும்” என்று கட்டிவிட்டால் எதைத் திருத்த முடியும், எதை முடியாது என்பது தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் யாரால் சரியாகப் பார்க்க முடியும்?

ஒரு எளிய சோதனை. மூன்று கிண்ணங்களில் வெந்நீர், குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர். வெந்நீரில் ஒரு கையும் குளிர்ந்த நீரில் ஒரு கையும் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டு கையையும் வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். ஒரு கை “சில்லுனு இருக்கு” என்கும். மற்றது “சுடுது” என்கும். இரண்டு ஆட்கள்கூட வேண்டியதில்லை, ஒரே ஆளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு! தோல் சூட்டின் அளவைவிட சூட்டின் மாற்றத்தைத்தான் அதிகம் சொல்கிறது என்று தெரிந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். தெர்மாமீட்டர் ஒரு எண் காட்டும். அந்த எண்ணை வைத்து, இரண்டு கையும் ஏன் அப்படிச் சொல்லின என்றும் விளக்கிவிடலாம். ஒரு விடை மற்றதைவிட மேல் என்று சொல்ல இது நல்ல அடையாளம்: அது சரியாக இருப்பதோடு, மற்றவர்கள் ஏன் தவறினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. பௌர்ணமி அன்று அடிவானத்தில் எழும் நிலவைப் பாருங்கள், தாம்பாளம் போல இருக்கும். சில மணி நேரம் கழித்து உச்சியில் சின்னதாகிவிடும். இதில் எல்லோரும் ஒரே குரல். எல்லோரும் தவறு. இரண்டு நேரத்திலும் நிலவு நம் கண்ணில் பிடிக்கும் இடம் சுமார் அரை டிகிரிதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தால் இரண்டையும் மறைத்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மூளை இருக்கும்போது எல்லோரும் சேர்ந்தே தவறலாம். வேண்டியது அதிகக் கண்கள் அல்ல. வேறு விதமாகத் தவறக்கூடிய, வேறு விதமாகச் சோதிக்கும் ஒரு வழி. விரல் நகம், கேமரா, அளவுகோல், தொட்டுப் பார்ப்பது, இடம் மாறி நின்று பார்ப்பது எல்லாம் அப்படிப்பட்டவை. நம் நாட்டு நியாய தத்துவக்காரர்கள் இதையே வேறு மாதிரி சொன்னார்கள்: கானலா தண்ணீரா என்பது நடந்து போய்க் குடித்துப் பார்த்தால் தெரியும். அறிவு சரியா என்பதற்கு அதை நம்பிச் செய்த செயல் பலித்ததா என்பது ஒரு சான்று.

யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதில்லை. உலக்கை, முறம், தூண் என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். எனக்கு அந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. யானை என்று ஒன்று இருப்பது கதை சொல்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான் கதையே நிற்கிறது. “எல்லார் சொல்வதும் சரி, யானை என்று எதுவும் இல்லை” என்று அது முடியவில்லை. தவிர, அவர்கள் எல்லோரும் இடம் மாற்றி நின்று தடவிவிட்டு ஒருவருக்கொருவர் பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் விலங்கின் வடிவம் கிடைத்திருக்கும். அவர்கள் சிக்கல் பார்வையின்மை அல்ல, பிடிவாதம்.

நாற்சந்தியில் ஒரு விபத்து என்று வையுங்கள். “சிவப்பு விழுந்த பிறகுதான் வந்தான்” என்கிறார் ஒருவர். அதற்கு விடை உண்டு, கேமரா இருந்தால் இன்னும் எளிது. “வேகமா வந்தான்” என்கிறார் இன்னொருவர். அதற்கும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண் உண்டு. “திமிரா வந்தான்” என்கிறார் மூன்றாமவர். இது கண் சொன்னது அல்ல, கண் சொன்னதன்மேல் இவர் வைத்த தீர்ப்பு. மூன்றையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்வோம். “அவரவர் பார்வை” என்ற சமாதானம் மூன்றாவதற்குக் கொஞ்சம் பொருந்தும். முதல் இரண்டுக்கு அதைச் சொல்வது, விடை தேடும் வேலையைத் தட்டிக்கழிப்பது.

அளவுகோல் எட்டாத இடம்

ஒன்று மிச்சம் இருக்கிறது. நீங்களும் நானும் செம்பருத்தியைக் காட்டிச் சிவப்பு என்கிறோம். உங்களுக்கு உள்ளே அது எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்கும் இருக்கிறதா? 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதைக் கேட்டார். ஊதாப் பூ ஒருவருக்குத் தரும் அனுபவமும் துலுக்கச் சாமந்தி இன்னொருவருக்குத் தரும் அனுபவமும் இடம் மாறியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இருவரும் அதே பூக்களை அதே பெயரால் அழைப்பார்கள், ஒரே மாதிரி பிரித்து அடுக்குவார்கள். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. இந்த உள் அனுபவம் முழுக்க அவரவருடையது என்பதை மறுக்க இதுவரை யாரிடமும் கருவி இல்லை.

ஆனால் உலகத்தைப் பற்றி ஒத்துப்போக அந்த உள் அனுபவம் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பிரித்தறிவது ஒத்துப்போனால் போதும். ரயில்வே இதை வெகு காலம் முன்பே புரிந்துகொண்டது. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியர் ஒருவருக்கு நிறம் பிரிக்கத் தெரியாததுதான் காரணமோ என்று உப்சாலா பல்கலைக்கழகத்தின் ஃப்ரித்தியோஃப் ஹோல்ம்கிரென் சந்தேகப்பட்டு, ஊழியர்களைச் சோதிக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். பல நிறக் கம்பளி நூல்களைக் குவித்து, ஒன்றைக் கையில் கொடுத்து, அதோடு சேர்பவற்றைப் பொறுக்கச் சொல்வார். என்ன நிறம் என்று பெயர் சொல்லக்கூட வேண்டாம். அந்த விபத்துக்கு உண்மையிலேயே நிறக்குருடு காரணமா என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். சோதனை மட்டும் நிலைத்துவிட்டது. 1917இல் டோக்கியோவின் ஷினோபு இஷிஹாரா புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த அட்டைகளை வெளியிட்டார். இன்றைக்கு நம் ஊரில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் நிறப் பார்வைச் சோதனை உண்டு. சிவப்பு உங்களுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்க மாட்டார். அட்டையில் என்ன எண் என்றுதான் கேட்பார்.